பத்து லட்சம் கெல்வின் போதுமான சான்றா? கொரோனா வெப்பக் கோட்பாடுகள் குறித்து

சூரியனின் ஒளிமண்டலம் ஏறத்தாழ 5,800 கெல்வின்; அதன் மேல் பரந்திருக்கும் கொரோனாவோ பத்து லட்சம் கெல்வினைத் தாண்டுகிறது. 1869ஆம் ஆண்டுக் கிரகணத்தில் தென்பட்ட பச்சை நிறமாலைக் கோடு, 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பினுடையது என்று 1940களின் முற்பகுதியில் எட்லென் நிறுவியபோது இந்த முரண் உறுதியாயிற்று. விளக்கம் தேடியவர்கள் இரு அணியாயினர். ஆல்ஃப்வென் 1942இல் முன்கணித்த காந்த அலைகள் மேலேறிச் சிதைந்து வெப்பமாகின்றன என்பது ஓர் அணி. பின்னிக்கொண்ட காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது எழும் எண்ணற்ற நானோ சுடர்களே காரணம் என்பது பார்க்கர் 1988இல் வைத்த வாதம். எந்த அணியின் கணினிப் படிமமானாலும் பத்து லட்சம் கெல்வினைத் தொட்டதும் வெற்றி என்று கொள்ளும் போக்கு இருக்கிறது. அந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம்.

காரணம் வெப்பக் கடத்தலில் இருக்கிறது. கொரோனாவின் கடத்துதிறன் வெப்பநிலையின் 5/2 அடுக்காக உயர்வதால், சற்றுக் கூடுதலாகச் சூடேறினாலும் ஆற்றல் விரைந்து கீழிறங்கிவிடுகிறது. சமநிலையில் உள்ள ஒரு காந்த வளையத்தின் உச்ச வெப்பநிலை, வெப்பமூட்டும் வீதத்தின் 2/7 அடுக்காகவே மாறும். வீதம் பத்து மடங்கானாலும் வெப்பநிலை இரு மடங்கை எட்டாது. ஆகவே பிழையான கோட்பாடும் சரியான வெப்பநிலையைத் தரக்கூடும்.

ஆற்றலுக்கும் பஞ்சமில்லை. ஒளிமண்டலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 6.3 கோடி வாட் வெளியிடுகிறது. வித்புரோவும் நாய்ஸும் 1977இல் மதிப்பிட்டபடி, அமைதியான பகுதியின் கொரோனாவுக்குச் சதுர மீட்டருக்கு 300 வாட் போதும். செயலூக்கமுள்ள பகுதிகளுக்கு 10,000 வாட். மெய்யான சிக்கல், வந்து சேர்ந்த ஆற்றல் எப்படிச் சிதைகிறது என்பதே. பத்து லட்சம் கெல்வினில் பிளாஸ்மாவின் காந்தப் பரவல் கெழு நொடிக்கு ஒரு சதுர மீட்டர் அளவில்தான் இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அகலமுள்ள புலம் தானாகக் கரைய முப்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். கொரோனாவோ அரை மணி நேர அளவில் குளிர்ந்துவிடும். அதற்குள் மின்தடை மட்டுமே வேலையை முடிக்க வேண்டுமென்றால், மின்னோட்டப் படலம் ஐம்பது மீட்டருக்கும் மெலிந்தாக வேண்டும். இன்றைய எந்தத் தொலைநோக்கிக்கும் அது எட்டாது.

அலையும் பின்னலும் இந்த மெல்லிய அளவை அடைந்தே தீர வேண்டும். அங்கே அவை ஒன்றுகலக்கின்றன. அருகருகே செல்லும் அலைகள் கட்டம் பிறழும் ‘கட்டக் கலப்பு’ மின்னோட்டப் படலங்களை உண்டாக்கும்; மறு இணைப்பு புதிய அலைகளை எழுப்பும். இதற்கு மறுப்பு உண்டு: காந்தக் கோடுகளின் அடியை அசைக்கும் இயக்கி மெதுவானதா விரைவானதா என்பது அளந்தறியக்கூடிய வேறுபாடு அல்லவா? உண்மைதான். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வளையத்தை ஆல்ஃப்வென் அலை நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நூறு நொடிகள் ஆகும். அந்த இயக்கியான ஒளிமண்டலத் துகள்திரள்களோ சில நிமிடங்களே வாழ்கின்றன. இரு கால அளவுகளும் இவ்வளவு நெருங்கியிருக்க, அணி பிரிப்பது எனக்கு வலிந்த செயலாகவே படுகிறது.

பிரித்தறிய உதவும் சான்று துகள்களிடம் உள்ளது. சோஹோ விண்கலத்தின் புறஊதாக் கருவி, கொரோனாத் துளைகளில் ஆக்சிஜன் அயனிகள் காந்தப்புலத்துக்குச் செங்குத்துத் திசையில் பத்துக் கோடி கெல்வினையும் தாண்டிச் சூடேறியிருப்பதைக் காட்டியது. புரோட்டான்கள் அந்த அளவுக்குச் சூடேறவில்லை. வெப்பம் எவருக்கு, எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்லாத கோட்பாடு இந்தச் சோதனையின் முன் வாய்திறக்க முடியாது. பிளாஸ்மாவை ஒற்றைப் பாய்மமாகக் கருதும் சமன்பாடுகளுக்கு அதைச் சொல்லும் வழியே இல்லை. துகள்களின் இயக்கவியல் வேண்டும்.

இருந்தும் பழைய அளவுகோல் நீடிக்கக் காரணம் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் பலருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம். அதற்குள் ஒரே இயக்கமுறையைப் படிமமாக்கி, கெல்வினைப் பொருத்திக் காட்டுவது பாதுகாப்பான வழி. அவர்களை நான் குறை சொல்லவில்லை. மதிப்பிடுவோரே அதைப் போதுமானதென்று ஏற்கிறார்கள். ஆனால் 2021 ஏப்ரலில் பார்க்கர் விண்கலம் ஆல்ஃப்வென் எல்லையைக் கடந்து கொரோனாவுக்குள் புகுந்தபின், புரோட்டான்களின் வேகப் பரவலை அங்கேயே அளக்க முடிகிறது. இனி வரும் ஒவ்வொரு கோட்பாட்டுக் கட்டுரையும், புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் வெப்பம் எந்த விகிதத்தில் பிரிகிறது என்ற எண்ணைத் தர வேண்டும் என்று இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் கேட்கத் தொடங்கலாம்.