சூலூர் விமானப்படைத் தளமும் மலை மீட்புப் பணிகளும்

சூலூர் விமானப்படைத் தளம் கோயம்புத்தூர் மாவட்டத்தில், திருச்சி சாலையில் காங்கயம்பாளையத்தை ஒட்டி அமைந்துள்ளது. உக்கடத்திலிருந்து கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவு. தேஜஸ் போர் விமானங்களால் இன்று பலரும் இத்தளத்தை அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தீ, வெள்ளம், நிலச்சரிவு நேரும்போது மீட்பு ஹெலிகாப்டர்கள் புறப்படும் இடமும் இதுவே.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை இங்கு ஒரு வானூர்தித் தளத்தை நடத்தியது. அதற்கு 'வைரி' என்று பெயர். விடுதலைக்குப் பின் இது இந்திய விமானப்படையின் தளமாயிற்று. விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனையும் இங்குள்ளது. 109-ஆம் ஹெலிகாப்டர் பிரிவு ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர்களை இயக்குகிறது. 'சாரங்' சாகசக் குழுவின் இருப்பிடமும் சூலூர்தான்.

மீட்புப் பணிகள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன. ஆனால் முதலில் ஓடிச் சென்றவர்கள் ஊர்மக்களும் வனத்துறையினருமே. காயமடைந்தோர் பலரை அவர்கள் இருட்டில் சுமந்து இறக்கினர்.

2023 ஏப்ரலில் மதுக்கரை வனச்சரகத்தில் தீ பரவியபோது, ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட பெரிய வாளியில் மலம்புழா அணை நீரை முகந்து வந்து ஊற்றினர். அதே ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய திருச்செந்தூர் விரைவு ரயில் பயணிகளுக்கு வான்வழியே உணவு போடப்பட்டது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கும் சூலூர் ஹெலிகாப்டர்கள் விரைந்தன.

மலையின் தடை

பள்ளத்தாக்கில் மேகம் நொடியில் மூடும். செங்குத்தான பாறையை இறக்கைச் சுழலியுடன் நெருங்குவதும் ஆபத்து. 2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே பாறை இடுக்கில் ஓர் இளைஞர் சிக்கியபோது கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் அவரை நெருங்க முடியவில்லை. பெங்களூருவிலிருந்து சூலூரில் வந்திறங்கிய மலையேற்ற வீரர்கள் சாலை வழியே அங்கு சென்றனர். வெலிங்டன் ராணுவக் குழுவும் உடன் சேர்ந்தது. கயிறு கட்டி இறங்கி அவரை உச்சிக்கு ஏற்றினர். அதன்பின்பே விமானப்படை ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் பறந்த எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்தனர். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசையுணர்வை இழந்ததாக விசாரணைக் குழு கூறியது. அன்று தண்ணீரும் போர்வையுமாக ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள்.

மீட்பு ஹெலிகாப்டரின் வேகம் பெரும் பலம்தான். எனினும் மலையில் அது தனித்துச் செயல்படுவதில்லை. வழி தெரிந்த ஊர்மக்கள், வனப் பணியாளர்கள், கயிறேறும் வீரர்கள் ஆகியோர் தரையில் செய்யும் பணியே பல நேரங்களில் அதற்கு முன்னும் பின்னும் உயிர் காக்கிறது.