பீப்பாய் பீர்

புட்டியிலோ டின்னிலோ அடைக்காமல், பீப்பாயிலிருந்து குழாய் வழியாக நேரே கோப்பையில் பிடித்துத் தரப்படும் பீர். டிராஃப்ட் பீர் என்றும் வழங்கும். இதன் வரலாறு மிக விரிவாகத் தெரியவரும் நாடு இங்கிலாந்து.

அங்கே மதுக்கடைகளின் நிலவறையில் பீப்பாய்கள் இருந்தன. கேட்கும்போதெல்லாம் பணியாள் கீழே இறங்கிக் குடுவையில் பிடித்துவர வேண்டும். பூட்டுகளுக்குப் பேர்போன ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற கைப்பம்பு அந்த வேலையைக் குறைத்தது. கடைமேசையில் நின்றபடியே பிடியை இழுத்தால் பீர் மேலேறி வரும்.

பழைய முறையில் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்; கடைக்கு வந்த பிறகும் நொதித்தல் ஓயாது. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஈஸ்டை அடியில் படியவைக்கும். மேல்துளையில் மிருதுவான மர ஆணியைச் செருகி மிகுதி வாயுவைக் கசியவிடுவார்கள். அது அடங்கியதும் கெட்டி ஆணியால் அடைப்பார்கள். நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். பீப்பாய் மரமா உலோகமா என்பதைவிட, கவனித்துக்கொள்பவரின் கைப்பக்குவமே சுவையைத் தீர்மானிக்கிறது. பீர் குறையக் குறையக் காற்று உள்ளே புகுவதால், திறந்த பீப்பாயை மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். ஃபர்க்கின் எனப்படும் சிறிய பீப்பாயிலேயே 9 கேலன், அதாவது 72 பைன்ட் பிடிக்கும். கூட்டம் வராத கடையில் அது புளித்துப்போகும்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்தது கெக். ஈஸ்டை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கிய பீரை உலோகக் கலனில் நிரப்பி, கரியமில வாயு அழுத்தத்தால் வெளியேற்றுவார்கள். லண்டனின் வாட்னி நிறுவனம் 1930களில் இதைச் சோதித்துப் பார்த்தது. 1960களில் கெக் நாடெங்கும் பரவியது. எங்கும் ஒரே சுவை. எவரும் ஊற்றித் தரலாம். கின்னஸ் பீர் நிறுவனம் மட்டும் வேறு வழியில் போனது: அங்கே பணியாற்றிய கணிதவியலாளர் மைக்கேல் ஆஷ் நைட்ரஜனைச் சேர்த்து, 1959இல் அடர்ந்த வெண்ணுரையைச் சாத்தியமாக்கினார்.

கெக் பீர் சப்பென்று இருப்பதாகச் சலித்துக்கொண்ட இங்கிலாந்துக்காரர் நால்வர் 1971இல் காம்ரா இயக்கத்தைத் தொடங்கினர். அது தோன்றிய இடம் இங்கிலாந்து அல்ல, அயர்லாந்தின் கெர்ரி மாவட்டம்; அங்கே அவர்கள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். பீப்பாய் பீர் அழியாமல் பிழைத்ததில் இவ்வியக்கத்தின் பங்கு பெரிது. ஆனால் வாயு விஷயத்தில் அதன் பிடிவாதம் சற்று அதிகம்தான். பீப்பாயில் காலியாகும் இடத்தைக் காற்றுக்குப் பதில், அழுத்தமில்லாத கரியமில வாயுவால் நிரப்பும் எளிய கருவி ஒன்று உண்டு. விற்பனை குறைந்த கடைகளில் பீர் கெடாமலிருக்க உதவும் அக்கருவியை ஏற்க மறுத்துவந்த காம்ரா, 2018இல்தான் நடுநிலைக்கு வந்தது.