நஞ்சுக்கொடியும் கணையமும்: கர்ப்பகால நீரிழிவின் காரணம் தேடிய வரலாறு

கர்ப்பிணிக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டார் முதலில் கேட்பது, 'என்னத்தைச் சாப்பிட்டாய்?' என்றுதான். குற்றம் அவள் தட்டில் இருப்பதாகவே கருதிவிடுகிறார்கள். இருநூறு ஆண்டுக்கால ஆய்வு கண்டடைந்த விடை வேறு. நஞ்சுக்கொடி எழுப்பும் தேவையைக் கணையத்தால் ஈடுசெய்ய முடியாதபோது தோன்றுவதே இந்நோய். அந்த விடை உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கர்ப்பத்தின் அறிகுறி

1823இல் பெர்லினில், ஐந்தாம் முறை கருவுற்றிருந்த 22 வயதுப் பெண்ணொருவரை ஹைன்ரிச் பென்னெவிட்ஸ் கவனித்தார். தீராத தாகம், சிறுநீரில் சர்க்கரை. குழந்தை 12 பவுண்டு எடையுடன் இருந்தது, பிரசவத்திலேயே இறந்தது. அதன்பின் தாயின் சர்க்கரையும் மறைந்தது. அடுத்த ஆண்டு தம் ஆய்வேட்டில், நீரிழிவைக் கர்ப்பத்தின் அறிகுறியாகவே அவர் எழுதினார். இன்சுலின் அறியப்படாத அக்காலத்தில் இதற்குமேல் செல்ல வழியில்லை. ஆயினும் கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகும் நோய் என்ற அந்தக் கவனிப்பு, பின்வந்தவர்கள் எங்கே தேடவேண்டும் என்பதைக் காட்டியது.

1921இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1952இல் கோபன்ஹேகனின் யோர்கன் பெடர்சன், குழந்தை ஏன் அவ்வளவு பெருத்தது என்பதை விளக்கினார். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. மிகுந்து வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைப் பெருக்குகிறது. அதனால் உடலில் கொழுப்பு சேர்கிறது.

2. நஞ்சுக்கொடியின் பங்கு

தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது ஏன் என்ற கேள்வி எஞ்சியது. 1962இல் ஜோசிமோவிச், மெக்லாரன் இருவரும் நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜன் என்ற ஹார்மோனை இனங்கண்டனர். அதுவும், நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன், புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால் ஆகியனவும் இன்சுலினின் வேலையைத் தடுப்பதாகப் பின்னர் தெரிந்தது. 2002இல் டி.என்.எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதமும் இவ்வரிசையில் சேர்ந்தது.

இத்தடை பழுதன்று, ஏற்பாடு. தாயின் தசை சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொண்டால்தான் குழந்தைக்கு அது தடையின்றிப் போய்ச்சேரும். தாயின் உடல் கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். சிகாகோவின் நோர்பர்ட் பிரெயின்கெல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். நலமான கர்ப்பிணியிடமும் இறுதி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் இசையும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைப் பாட்ரிக் கட்டலானோவின் அளவீடுகள் காட்டின.

3. கணையத்தின் எல்லை

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏன் நோய் வருவதில்லை? கணையத்தின் பீட்டா செல்கள் பெருகி, இன்சுலினை இரண்டு மூன்று மடங்காகச் சுரப்பதே காரணம். புரோலாக்டின் என்ற ஹார்மோனும் லாக்டோஜனும் இப்பெருக்கத்தைத் தூண்டுகின்றன. தடையை உண்டாக்கும் நஞ்சுக்கொடியே அதை வெல்லும் வழியையும் திறந்துவிடுகிறது. 2010இல், எலிகளில் இத்தூண்டுதலைப் பீட்டா செல்களுக்குள் கடத்துவது செரோடோனின் என்று தெரியவந்தது.

இப்பெருக்கம் போதாத பெண்ணிடம் சர்க்கரை ஏறுகிறது. போஸ்டனில் ஓசல்லிவனும் மஹானும் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து 1964இல் வகுத்த அளவுகோல், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பை ஒட்டியது. கர்ப்பம் புதிதாக ஒரு குறையை உண்டாக்குவதைவிட, முன்பே இருந்த குறையை வெளிக்கொணர்வதே மிகுதி என்பதை அது உணர்த்தியது. எம்.டி.என்.ஆர்.1பி, டி.சி.எஃப்.7.எல்.2 போன்ற மரபணு வேறுபாடுகளும் இன்சுலின் சுரப்போடு தொடர்புடையவை.

4. தமிழகச் சான்று

சென்னையில் வீ. சேஷையா குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறுநகரங்களில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருந்தது. ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதை மரபைக்கொண்டு மட்டும் விளக்க இயலாது. வாழ்முறைக்கும் இதில் பங்குண்டு. தெற்காசியரிடம் குறைந்த எடையிலேயே கொழுப்பு சேர்வதால், கருவுறுமுன்பே பீட்டா செல்கள் சுமையோடு இருக்கின்றன.

முடிவுரை

நஞ்சுக்கொடி வெளிவந்ததும் தடை விரைவில் நீங்குகிறது. பென்னெவிட்ஸ் கண்ட மறைவுக்கு விளக்கம் இதுவே. ஆனால் கணையத்தின் குறை நீங்குவதில்லை. உணவுக் கட்டுப்பாடு சர்க்கரையைக் குறைக்க உதவும். நோய்க்கான பழியைத் தாயின்மேல் சுமத்த அது சான்றாகாது. அவளிடம் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு: பிரசவம் முடிந்து ஆறு வாரம் ஆயிற்றே, மறுபடி சர்க்கரை பார்த்தாயா?