புகார்க் கடிதமும் புஞ்சக் கணக்கும்

ஒரு பொருளை வாங்கியவன் சொல்லும் மனக்குறையைக் கேட்டு, அதையே அடுத்த சரக்கைத் திருத்துவதற்கு உபாயமாகக் கொள்வது நம் காலத்துக் கம்பெனிகள் கண்டுபிடித்த சாமர்த்தியம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களை வகை பிரித்து, எந்தக் குறை எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று கணக்கிட்டு, அதைத் தயாரிப்பாளரிடம் சேர்ப்பதற்கென்றே தனி இலாகாக்கள் இப்போது நடக்கின்றன என்பது மெய்தான். ஆயினும், கப்பலையும் காற்றையும் நம்பியிருந்த பதினேழாம் நூற்றாண்டிலேயே, சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தில் இந்த முறை அனுஷ்டிக்கப்பட்டு வந்தது என்பதற்கு, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் லண்டனுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தே சாட்சியாக இருக்கிறது.

சென்னைப் பட்டணம் உண்டானதே துணியின் பொருட்டுத்தான். துறைமுகத்துக்குரிய இயற்கை வசதி யாதொன்றும் இல்லாத, அலை மோதும் மணற்கரை ஒன்றை 1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான பிரான்ஸிஸ் டே தேர்ந்தெடுத்தபோது, அவர் தம் மேலதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டிய முக்கியமான நியாயம், இவ்விடத்தில் நல்ல நீளத்துணி வேறிடங்களைவிட நூற்றுக்கு இருபது பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதே. அதன்பின் ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகத் துணி கப்பலேறி லண்டன் சென்று ஏலத்தில் விற்பனையாயிற்று. மெழுகுவர்த்தித் துண்டொன்றை ஏற்றிவைத்து, அது எரிந்து அணையும் வரையில் விலை கேட்பது அந்த ஏலத்தின் சம்பிரதாயம். ஏலத்தில் எடுத்த மொத்த வியாபாரி கடைக்காரருக்கு விற்க, கடையில் வாங்கியவர்கள் நிறம் பிடிக்கவில்லை என்றும் அகலம் போதவில்லை என்றும் முணுமுணுக்க, அந்த முணுமுணுப்பு அடுத்த ஏலத்தின் விலைச் சரிவாக உருமாறிக் கம்பெனியின் இயக்குநர்களை வந்து எட்டியது. அவர்கள் அதைக் கடிதமாக்கினார்கள்.

அவ்வாறு எழுந்த பழைய கடிதங்களுள் ஒன்று மிகவும் பிரசித்தமானது. 1643-இல் சூரத்திலிருந்த காரியஸ்தர்களுக்கு எழுதுகையில், சித்திரம் எழுதிய மெத்தைப் போர்வைகளில் பெரும்பாலானவை மங்கிய சிவப்புத் தளத்துடன் வருவதால் லண்டனில் அவை அவ்வளவாக விரும்பப்படவில்லை என்றும், இனி வெண்மையான தளம் மிகுந்திருக்க வேண்டும் என்றும், நடுவிலே வர்ணத்தில் அமையும் பூவையும் கிளையையும் சித்திரக்காரன் தன் இஷ்டப்படியே எழுதலாம் என்றும் இயக்குநர்கள் தெரிவித்தார்கள். குறை இன்னதென்று சொல்லி, வேண்டியது இன்னதென்று காட்டி, எஞ்சியதைத் தொழிலாளியின் கைத்திறனுக்கு விட்டுவிட்ட இந்தக் கடிதம், குறை எழுதுவோர்க்கு ஓர் இலக்கணமாகவே நிற்கத் தக்கது. பின்னாளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற படுக்கை விரிப்புகளில் வெள்ளைத் தளத்தின்மேல் கிளைவிட்டுப் பூத்த மரமே தலைமையான சித்திரமாக விளங்கிற்று.

கடிதம் போய்ச் சேர்வது இலகுவான காரியமன்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பலுக்கு ஒருவழிப் பிரயாணமே ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. ஆகையால் லண்டனில் கண்ட குறை சென்னையில் திருத்தம் பெற்று, திருந்திய துணி மறுபடியும் ஏலத்துக்கு வருவதற்குள் இரண்டு வருஷம்கூடக் கழிந்துவிடும். கப்பல் மூழ்கினாலும் செய்தி மூழ்காதிருக்கும்பொருட்டு, ஒரே கடிதத்தின் பிரதிகள் வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன. நாளடைவில் கப்பல் விவகாரம், சரக்குக் கொள்முதல் என்று தலைப்புவாரியாகப் பிரித்துப் பத்திகளுக்கு இலக்கமிடும் வழக்கமும், அந்த இலக்கப்படியே பத்திக்குப் பத்தி பதில் எழுதும் வழக்கமும் ஏற்பட்டன. ஒரு குறையேனும் பதிலின்றி நழுவாதிருக்க இதனினும் நல்ல ஏற்பாடு காண்பது அரிது.

எனினும், கடிதத்தை வாசித்த கோட்டை அதிகாரிகள் தறியில் உட்கார்ந்து அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வணிகர்கள் தம் ஆட்கள் மூலமாகக் கிராமங்களில் நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து வைத்தார்கள். துணி மெலிவாக இருக்கிறது என்று லண்டன் கடிதம் சொன்னால், அந்த ஒரு வார்த்தையால் நெசவாளனுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. மெலிவு என்பது அவனுக்குப் புஞ்சக் கணக்கு. நூற்றிருபது பாவிழைகள் சேர்ந்தது ஒரு புஞ்சம். துணியின் அகலத்தில் எத்தனை புஞ்சம் நிற்கிறது என்பதைக்கொண்டே அதன் தரம் நிர்ணயிக்கப்பட்டது. அகலத்தை மாற்றாமல் புஞ்சத்தைக் குறைத்தால் நெசவு நெகிழ்ந்துவிடும். கஞ்சியின் மொடமொடப்பு அதைச் சிறிது காலம் மறைத்துவைத்தாலும், வெளுத்தவுடன் வேஷம் கலைந்துவிடும். ஆகவே வாங்கியவனின் அதிருப்தி, இயக்குநரின் இங்கிலீஷிலிருந்து துபாஷியின் வாய்வழியே வணிகனிடம் சென்று, கடைசியில் இழை எண்ணிக்கையாக மாறிய பிறகுதான் தறியில் ஏறிற்று. ஒப்புக்கொண்ட தரத்துக்கு அடையாளமாக மாதிரித் துணிகளை வைத்திருந்து, வந்த சரக்கை அவற்றோடு ஒப்பிட்டு, தாழ்ந்ததை விலை குறைத்தோ தள்ளியோ தரம் பிரித்தார்கள்.

இயக்குநர்கள் எக்காலத்தும் இவ்வளவு நிதானமாகச் செவிசாய்த்தவர்கள் என்று கொள்ளலாகாது. 1681-இல் வங்காளத்துக்கு எழுதியபோது, பூப்போட்ட பட்டுகளின் தினுசை ஆண்டுதோறும் மாற்றும்படியும், முன்பின் கண்டிராத புதுமையாக இருந்தால் அது தரத்தில் தாழ்ந்ததாயினும் சீமாட்டிகள் இரட்டிப்பு விலை தருவார்கள் என்றும் அவர்கள் சொன்னது, விற்பனையில் கண்டறிந்த உண்மை. ஆனால் மறு ஆண்டே, மாலுமிக்கு முரட்டுத் துணியிலும் சீமாட்டிக்கு மெல்லிய துணியிலுமாக இரண்டு லட்சம் உள்ளங்கிகளைத் தைத்தே அனுப்பும்படி அவர்கள் கட்டளையிட்டது, வாங்குவோரின் குறையிலிருந்து பிறவாமல் மேஜையின் பின்னே உதித்த யோசனையாகத் தோன்றுகிறது. லினன் உள்ளாடைக்குப் பரம்பரையாகப் பழகிய ஜனங்களிடம் அந்த முயற்சி நிலைபெறவில்லை.

வர்ணத் துணிகளோ மிதமிஞ்சிப் பிடித்துப்போயின. அதனால் நஷ்டமடைந்த இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து, 1700-லும் 1720-லும் அவற்றுக்கு எதிரான சட்டங்களைப் பெற்றார்கள். வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்ய இடமிருந்தபடியால் சென்னையின் வியாபாரம் நிற்கவில்லை. சரக்கின் தரத்தைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள விரும்பிய கம்பெனி, நெசவாளரைப் பட்டணத்தின் அருகிலேயே குடியேற்ற முனைந்தது. கவர்னர் காலெட் காலத்தில் காலடிப்பேட்டையும், 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையும் அவ்வாறே எழுந்தன. துணி வெளுப்போர் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டையாயிற்று.

இத்தனை சீரான ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஊனம் இருந்தது. வாங்குபவனின் குறை தறிவரையில் வந்து சேர்ந்ததேயன்றி, தறியின் குறை லண்டன் கடைத்தெருவரையில் போய்ச் சேரவில்லை. மழை பொய்த்து அரிசியும் பருத்தியும் விலையேறிய வருஷங்களில், பழைய விலைக்கே ஒப்புக்கொண்ட நெசவாளன் தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு இழையைக் குறைத்தான். கடிதத்தின் கண்ணுக்கு அது வெறும் வஞ்சகமாகவே பட்டது. பிடிக்காத ஒப்பந்தத்தை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து முறித்துக்கொள்ளும் பழைய உரிமை ஒன்று நெசவாளனுக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜ்யாதிகாரம் பெற்ற கம்பெனி, இடைநின்ற வணிகரை விலக்கித் தன் சம்பளக்காரரையே தறிகளுக்குக் காவலாக்கி, அந்த உரிமையையும் நசுக்கிற்று. நெசவாளர்கள் கூட்டங்கூடி முறையிட்டார்கள்; வேலையை நிறுத்தினார்கள்; ஊரைவிட்டே பெயர்ந்தார்கள்.

அடுத்த நூற்றாண்டில் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றது. 1866-இல் லண்டன் இந்தியா அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த ஜான் போர்ப்ஸ் வாட்ஸன் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் சேர்த்து, 20 பிரதிகள் தயாரித்து, அவற்றுள் 13-ஐப் பிரிட்டனிலும் 7-ஐ இந்தியாவிலும் வைக்கச் செய்தார். இந்நாட்டு ஜனங்கள் எதை, எவ்வளவு நீளத்தில், எத்தகைய கரையுடன் உடுக்கிறார்கள் என்பதை ஆங்கில ஆலை முதலாளிகள் நுணுக்கமாகக் கற்றாலன்றி இங்கே விற்க முடியாது என்பது அவருடைய வாதம். உடுப்பவனின் ருசியைப் படிக்கும் வித்தை, அதை ஒரு காலத்தில் இங்கிருந்து பிறருக்காகப் பயின்ற நெசவாளனின் பிழைப்புக்கே எதிராகத் திரும்பியது.

குறைக் கடிதம் சரக்கைத் திருத்தும் என்பதற்கு 1643-ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்றே போதும். அது தொழிலையும் வாழவைக்க வேண்டுமானால், குறையைப் புஞ்சமாக மாற்றித் தறிக்குச் சொல்பவன், புஞ்சம் குறைந்த காரணத்தையும் விசாரித்து எசமானனுக்கு எழுதுபவனாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கடிதங்களை இன்று நாள் முழுதும் வாசித்துக் குறிப்பெடுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் இதுவே கடமை. பண்டத்தைச் செய்பவன் எழுதும் குறைக் கடிதத்துக்கும் அவர்கள் ஓர் இலக்கமிட்டுப் பதில் கேட்க வேண்டும்.