1815: மூன்று தீவுகள் (அத்தியாயம் 5)

சென்ற வாரம் நெப்போலியனை எல்பாத் தீவில் கப்பலேற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். நாள், பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை இரவு. அவரைக் கண்காணிக்க வந்திருந்த ஆங்கிலேய அதிகாரி நீல் கேம்பெல் அன்று தீவில் இல்லை. பத்து நாட்களுக்கு முன்பே இத்தாலியக் கரைக்குப் போய்விட்டார். 'இன்கான்ஸ்டன்ட்' என்ற பாய்மரக் கப்பல், கூடவே ஆறு சிறு கலங்கள், சுமார் ஆயிரம் வீரர்கள். ஒரு பேரரசைத் திரும்பப் பிடிக்க நெப்போலியன் கையில் இருந்தது இவ்வளவுதான்.

மறுநாள் மாலை எதிரே ஒரு கப்பல் தெரிந்தது. பிரெஞ்சு மன்னரின் போர்க்கப்பல் 'செஃபிர்'. இன்கான்ஸ்டன்ட்டின் மேல்தளம் முழுக்க நெப்போலியனின் பழைய காவல்படையினர். அவர்களுடைய உயரமான கரடித்தோல் தொப்பி ஒன்று கண்ணில் பட்டாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். தொப்பிகளைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளும்படி உத்தரவு பறந்தது. இரண்டு கப்பல்களும் குரல் எட்டும் தூரத்துக்கு வந்தன. எங்கே போகிறீர்கள், என்ன சேதி என்ற விசாரிப்புகளுக்குப் பிறகு செஃபிரின் தலைவர் கேட்டார்: பேரரசர் எப்படி இருக்கிறார்? மிக நலமாக இருக்கிறார் என்று பதில் போனது. அந்தப் பதிலை அருகில் நின்று சொல்லிக்கொடுத்தவரே நெப்போலியன்தான் என்பார்கள். செஃபிர் தன் வழியே விலகிப் போயிற்று.

மார்ச் 1, புதன்கிழமை. பிரான்சின் தென்கரையில், ஆந்திப் நகருக்கு அருகே கோல்ஃப் ழுவான் என்ற இடத்தில் அவர்கள் இறங்கினார்கள். பாரிசுக்குப் போக ரோன் ஆற்றுச் சமவெளிச் சாலைதான் சுலபமான வழி. ஆனால் அந்தப் பக்கத்து மக்கள் மன்னர் கட்சி. முந்தைய ஆண்டு எல்பாவுக்குக் கொண்டு போகப்பட்டபோது அங்கே கூட்டம் அவரை அடித்தே கொன்றிருக்கும். வேற்று நாட்டு ராணுவ உடையை மாட்டிக்கொண்டுதான் தப்பினார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. ஆகவே ஆல்ப்ஸ் மலைப்பாதை. பனி, வழுக்குப் பாறை, குதிரை கூட நிதானமாக அடி வைக்க வேண்டிய ஒற்றையடித் தடம்.

மார்ச் 7. கிரெனோபிள் நகருக்குத் தெற்கே லாஃப்ரே. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் குன்று, நடுவே குறுகலான சாலை. அந்தச் சாலையை அடைத்துக்கொண்டு ஐந்தாம் காலாட்படையின் ஒரு பிரிவு துப்பாக்கிகளோடு நின்றது. நெப்போலியன் தன் வீரர்களின் துப்பாக்கி முனைகளைக் கீழே தாழ்த்தச் சொன்னார். குதிரையிலிருந்து இறங்கினார். எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சாம்பல் நிற மேலங்கியோடு தனியாக நடந்தார். சுடும் தூரத்துக்குள் போனதும் மேலங்கியைத் திறந்து மார்பைக் காட்டி, தன் பேரரசனைச் சுட விரும்புகிறவன் சுடலாம் என்றார்.

"சுடுங்கள்!" என்றான் ஓர் அதிகாரி.

அந்தத் துப்பாக்கிகள் அப்படியே நிற்கட்டும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு அரசரின் விதி அதற்குள் முடிந்திருந்தது. அவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

*

நெப்போலியன் பிரான்சின் கரையில் கால் வைத்ததற்கு மறுநாள், மார்ச் 2 அன்று, கண்டி அரண்மனையின் 'மகுல் மடுவ' என்ற மரத்தூண் மண்டபத்தில் ஆங்கிலேய ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் அமர்ந்திருந்தார். எதிரே கண்டியின் பிரதானிகள். ஓர் ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. பீரங்கிகள் முழங்கின. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வந்த இலங்கை அரசர்களின் வரிசை அந்தப் பிற்பகலில் நின்றுபோயிற்று.

போர்த்துகீசியர் பிடிக்க முடியாத மலைநாடு அது. டச்சுக்காரரும் தோற்றார்கள். 1803-ல் ஆங்கிலேயர் உள்ளே புகுந்து, மேஜர் டேவியின் படையை மொத்தமாகப் பறிகொடுத்துவிட்டு ஓடினார்கள். காடும் காய்ச்சலும் காத்த நாடு, 1815-ல் மட்டும் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் எப்படி விழுந்தது?

உள்ளிருந்து விழுந்தது. அதற்கான காரணங்களில் பாதி அரசரிடமே இருந்தன.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரையிலிருந்து பெண்ணெடுக்கும் வழக்கத்தால் 1739 முதல் கண்டி அரியணை நாயக்க உறவினர் வசம் வந்திருந்தது. அந்த வரிசையில் இவர் நான்காமவர், கடைசியானவர். 1798-ல் பதினெட்டு வயதில் இவரை அரியணையில் ஏற்றியவர் முதன்மை அதிகார், அதாவது தலைமை அமைச்சர், பிலிமத்தலாவ. சொன்னதைக் கேட்கும் பிள்ளை என்று நினைத்தார். பிள்ளை கேட்கவில்லை, பிலிமத்தலாவவின் தலை போயிற்று. இன்று கண்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கும் அந்த ஏரி இவர் வெட்டியது. வயல்களை மூழ்கடித்து, குடிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்து எழுப்பிய அழகு அது. மக்களின் மனமும் அங்கேதான் கசந்தது.

அடுத்து அதிகாரான எஹெலபொல 1814-ல் கலகம் செய்து, தோற்று, கொழும்புக்கு ஓடினார். மனைவி மக்கள் கண்டியில் அகப்பட்டுக்கொண்டார்கள். அரசர் அவர்கள்மேல் பழி தீர்த்தார். பிள்ளைகளை வெட்டினார்கள், தாயை போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். மூத்தவன் நடுங்கித் தாயிடம் ஒண்டியபோது, பத்து வயதுகூட நிரம்பாத இளையவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்று சிங்கள மக்கள் இருநூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நம் மொழியோடும் மண்ணோடும் உறவுள்ள அரசர் என்பதற்காக இந்தக் கொலையை மூடி மறைத்து எழுத என்னால் முடியாது. அன்றைக்கே அவர் தன் நாட்டை இழந்துவிட்டார்.

அந்த வெறுப்பைப் பொறுமையாக அறுவடை செய்தவர் ஜான் டொயிலி. கேம்பிரிட்ஜில் படித்து, இலங்கைக்கு வந்து சிங்களத்தை ஆழக் கற்றவர். கண்டிக்குள் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். மலைநாட்டு வழிகள், பிரதானிகளின் மனத்தாங்கல்கள், அரண்மனைச் செய்திகள் எல்லாம் அவருடைய நாட்குறிப்பில் ஏறின. 1815 ஜனவரியில் பிரவுன்ரிக் போர் அறிவித்தபோது எட்டுப் பிரிவுகளாகப் புறப்பட்ட படைக்குக் காட்டில் வழிமறிக்க ஆளில்லை. பிப்ரவரி 14 அன்று படை நுழைந்தபோது அரசர் தலைநகரை விட்டுப் போயிருந்தார்.

நான்கு நாள் கழித்து, தும்பறையில் மெதமஹநுவரைக்கு அருகே ஒரு வீட்டில் ராணிகளோடு ஒளிந்திருந்தவரைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இல்லை. அவருடைய குடிகளே, எக்னெலிகொட மொஹொட்டாலவின் ஆட்கள். அரசரைக் கட்டி இழுத்தார்கள். ராணிகளின் நகைகளைப் பறித்தார்கள். நேற்றுவரை அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர்கள்.

ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு புத்த சமயத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. இன்னொரு பிரிவைத்தான் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். 'மலபார்' இனத்தாருக்குக் கண்டி நாட்டின்மேல் இனி எந்த உரிமையும் கிடையாது. அரசரின் ஆண் உறவினர் அனைவரும் அரசாங்கத்தின் பகைவர். அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் மரணம். 'மலபார்' என்பது அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரையும் தென்னிந்தியரையும் குறித்த பெயர். ஒருவர் செய்த கொடுமைக்கு, கடல் கடந்து வந்து மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் நாடற்றுப் போயின. இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

அடுத்த அரசன் தான்தான் என்று எஹெலபொல நம்பிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் வாசிக்கப்பட்ட பத்திரத்தில் அரசன் என்று இருந்தது இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் பெயர். எஹெலபொலவின் ஏமாற்றம் எங்கே போய் முடிந்தது, சிறைப்பட்ட அரசரைச் சுமந்த கப்பல் நம்முடைய எந்தக் கரைக்கு வந்தது, எந்தக் கோட்டையில் அவருடைய மீதி நாட்கள் கழிந்தன என்பதெல்லாம் பின்னால் வரும். மார்ச் 6 அன்று அவரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள்தான் லாஃப்ரே.

*

சுடச் சொன்னான் அதிகாரி. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு கணம். அடுத்த கணம் "பேரரசர் வாழ்க!" என்ற கூச்சல் ஏரியின் மேல் எழுந்தது. வரிசை குலைந்தது. தடுக்க வந்த வீரர்கள் ஓடிவந்து அவரைத் தொட்டுப் பார்த்தார்கள்; அன்றிரவே கிரெனோபிளின் கதவுகள் திறந்தன.

அதே மார்ச் 7 காலை, வியன்னாவில் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அரைத்தூக்கத்தில் இருந்தார். ஐரோப்பாவைப் பங்கு போடும் மாநாட்டுப் பேச்சு இரவு மூன்று மணிவரை நீண்டிருந்தது. ஆறு மணிக்கு வேலையாள் ஒரு கடிதத்தோடு எழுப்பினான். அனுப்பியது ஜெனோவாவில் இருந்த தூதரகம். அப்படி என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று பிரிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் புரண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. ஏழரைக்குப் பிரித்தார். நெப்போலியனை எல்பாவில் காணோம். ஒரு மணி நேரத்துக்குள் பேரரசர்களும் மன்னர்களும் மீண்டும் போருக்கு முடிவெடுத்துவிட்டார்கள்.

பாரிசில் மார்ஷல் நே, நெப்போலியனை இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டுவருவதாக மன்னர் பதினெட்டாம் லூயியிடம் சூளுரைத்துவிட்டுப் படையோடு புறப்பட்டிருந்தார். மார்ச் 14 அன்று அதே படையின் முன்னால் நின்று, நான் நெப்போலியன் பக்கம் என்று அறிவித்தார். பழைய தலைவனின் ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. அதற்கு நே கொடுத்த விலையை டிசம்பர் மாதத்துக்கு வரும்போது பார்ப்போம். மார்ச் 19 நள்ளிரவை ஒட்டி லூயி அரண்மனையை விட்டு ஓடினார். 20-ஆம் தேதி இரவு அதே அரண்மனைப் படிகளில் நெப்போலியனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

இந்த இருபது நாள் பயணத்தை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். 1815 என்றதும் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் நமக்குக் கிடைப்பது இதுவும் வாட்டர்லூவும்தான். வாட்டர்லூவில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 50,000 பேர். நான் இந்தத் தொடரை எழுத வந்ததற்குக் காரணமான மூன்றாவது தீவிலும் அதன் பக்கத்திலும், செத்தவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். அவர்களுக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

*

சும்பாவா. ஜாவாவுக்குக் கிழக்கே, பாலி, லொம்போக் தாண்டி வரும் தீவு. தேன், குதிரை, சாயமரம் ஏற்றுமதி செய்த சிறு சிறு அரசுகள். தீவின் வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் தம்போரா மலை, 4,000 மீட்டருக்கும் மேல் உயரம். கப்பலோட்டிகளுக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம். நினைவு தெரிந்த காலம்வரை அது எரிமலை என்று எவரும் நினைத்ததில்லை. 1812-லிருந்து உறுமத் தொடங்கியது. 1814-ல் மக்காசார் துறைமுகத்துக்குப் போன ஜான் கிராஃபர்ட் என்ற அதிகாரி, வானத்தில் கருமையாக எழுந்ததைப் புயல்மேகம் என்று எண்ணினார். கப்பல் தளத்தில் விழுந்தது சாம்பல்.

1815 ஏப்ரல் 5, புதன்கிழமை மாலை. ஜாவா முழுக்க வெடிச்சத்தம் கேட்டது. அப்போது ஜாவா ஆங்கிலேயர் வசம். துணைநிலை ஆளுநர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், பின்னாளில் சிங்கப்பூரை நிறுவியவர். சத்தத்தைக் கேட்ட எல்லோருக்கும் ஒரே நினைப்பு: பீரங்கி. பக்கத்துக் காவல்சாவடியை யாரோ தாக்குகிறார்கள் என்று யோக்யகர்த்தாவிலிருந்து படை கிளம்பியது. ஆபத்தில் இருக்கும் கப்பலைத் தேடிக் கடற்கரையோரம் படகுகள் போயின. மக்காசாரில் கடற்கொள்ளையர் என்று முடிவுகட்டி, கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பெனாரஸ்' கப்பலில் வீரர்களை ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். மூன்று நாள் தேடியும் கொள்ளையர் இல்லை. கப்பல் திரும்பிவிட்டது.

இதற்கிடையே, ஏப்ரல் 6 காலை ஜாவாவில் சாம்பல் லேசாகத் தூறியது. ஏதோ எரிமலை என்று அப்போதுதான் புரிந்தது. எந்த எரிமலை? ஜாவாவிலேயே டஜன் கணக்கில் உண்டே! மெராபியா, கெலுட்டா, புரோமோவா என்று பேசிக்கொண்டார்கள். சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. ஜாவாவின் தலைநகர் பத்தாவியாவிலிருந்து 1,200 கிலோமீட்டர் தள்ளியிருந்த தம்போராவின் பெயர் யார் வாயிலும் வரவில்லை.

அடுத்த சில நாட்கள் வானம் மங்கிக் கிடந்தது, காற்று அசையவில்லை, புழுக்கம். உறுமல் விட்டுவிட்டுக் கேட்டது. பெரியது முடிந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது.

ஏப்ரல் 10, திங்கட்கிழமை. மாலை ஏழு மணி. மலைக்குக் கிழக்கே சங்கார் என்ற சிற்றரசு. அதன் அரசர் அன்று கண்ணால் கண்டதை, பின்னர் அரிசியோடு அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்ட லெப்டினன்ட் ஓவன் பிலிப்ஸிடம் சொன்னார். அருகிலிருந்து பார்த்து உயிரோடு மிஞ்சியவரின் வாக்குமூலமாக நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான்.

தம்போராவின் உச்சியருகே மூன்று நெருப்புத் தூண்கள் தனித்தனியே கிளம்பின. வெகு உயரம் போய், மேலே ஒன்றோடொன்று பின்னிக் கலந்தன. சிறிது நேரத்தில் மலை முழுவதும் உருகிய நெருப்பாகி நாலாபுறமும் வழிந்தது. எட்டு மணிக்குப் புழுதியும் சாம்பலும் வந்து மூடி, நெருப்பே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கற்கள் விழத் தொடங்கின. சில அக்ரூட் கொட்டை அளவு, சில இரண்டு முஷ்டி சேர்ந்த அளவு.

ஒன்பதிலிருந்து பத்துக்குள் சாம்பல் கொட்டியது. பிறகு சூறைக்காற்று. சங்காரின் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் சாய்த்து, கூரைகளை அடித்துக்கொண்டு போனது. பெரிய மரங்களை வேரோடு பிடுங்கி, ஆட்களையும் குதிரைகளையும் மாடுகளையும் சேர்த்தே தூக்கியது. அதே நேரத்தில் கடல், அதுவரை யாரும் கண்டிராத வகையில் பன்னிரண்டு அடி எழும்பி, ஊரின் நெல்வயல்களுக்குள் நுழைந்தது.

ஒருபுறம் மலை. மறுபுறம் கடல். நடுவே சங்கார் அரசரும், அவருடைய மகளும், மிச்சமிருந்த குடிகளும். மலையின் அடிவாரத்திலேயே இருந்த தம்போரா, பேக்காட் என்ற இரண்டு அரசுகளிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

(தொடரும்)