கார் நிக்கோபார்த் திருச்சபையில் கூட்டிசை: வேதப்பன் சாலமோனும் ஜான் ரிச்சர்ட்சனும்

நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிய தமிழாய்வு பெரும்பாலும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதாக உள்ளது. நக்கவாரம் என்னும் பெயரை எடுத்துக்காட்டி, சோழர் கடற்படையின் பெருமையைச் சொல்லியபின் ஆய்வாளர் கரைதிரும்பிவிடுகின்றனர். அதற்குப் பிந்திய தமிழ்த் தொடர்புகள், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர் ஒருவர் அங்கே ஆற்றிய பணியும் அதிலிருந்து கிளைத்த கூட்டிசை மரபும், உரிய கவனம் பெறவில்லை. கார் நிக்கோபார்த் தீவில் நிலைபெற்ற பாடகர் குழு மரபின் வரலாற்றையும், அதனை மண்ணிற்கு உரியதாக்கிய பேராயர் ஜான் ரிச்சர்ட்சனின் பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தரங்கம்பாடித் தொடர்பு

நிக்கோபாருக்குக் கிறித்தவம் முதன்முதலில் தமிழ்க் கரை வழியாகவே முயன்று சென்றது. 1756 ஆம் ஆண்டு டென்மார்க்கு அத்தீவுகளுக்கு உரிமை கோரியது. 1760 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை அடைந்த மொரேவியச் சபையினர், அதனை நிலையாகக் கொண்டு 1768 இல் நன்கவுரித் தீவில் குடியேறினர். கூடிப் பாடுவதனையே வழிபாட்டின் உயிராகக் கருதிய சபை அது. எனினும் காய்ச்சலால் ஒருவர்பின் ஒருவராக மாண்டமையால் 1787 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பணியாளர்கள் மறைந்தனர், பாடல்களும் அவர்களோடு மறைந்தன. அதே தரங்கம்பாடியில் சீகன்பால்கு வழிவந்த லுத்தரன் சபையினர் செருமானியப் பாடல்களைத் தமிழாக்கியதும், பின்னர்த் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இராக தாளத்தோடு கீர்த்தனைகள் இயற்றியதும் தமிழறிஞர் நன்கறிந்தவை. மேலை மெட்டில் பாடப்படும் பாமாலை, நம் மெட்டில் பாடப்படும் கீர்த்தனை என்னும் இருவேறு நெறிகள் தமிழ்த் திருச்சபையில் இவ்வாறு நிலைபெற்றன. நிக்கோபாரில் எந்நெறி வேரூன்றியது என்னும் வினா இப்பின்னணியிலேயே பொருள் பெறுகிறது.

மூஸ் ஊரில் சாலமோன்

1869 இல் நிக்கோபார் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1895 இல் கார் நிக்கோபாரின் வடகோடியிலுள்ள மூஸ் என்னும் ஊருக்கு வேதப்பன் சாலமோன் குடிபெயர்ந்தார். தமிழ்க் கிறித்தவரான அவர் ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார். அரசின் முகவராகவும் பணியாற்றினார். பள்ளி நடத்துதல், கப்பல்களின் வரவுசெலவைக் கவனித்தல், வழக்குகளைத் தீர்க்க உதவுதல் என யாவும் அவர் ஒருவர் மேலேயே சுமந்தன. அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளை ஆர். சி. டெம்பிள் 1902 இல் இலண்டன் மானிடவியல் கழக இதழில் வெளியிட்டார். ஈமச்சடங்கு, பேயோட்டல், பன்றி விருந்து ஆகியவற்றைக் கண்ணால் கண்டவாறு எழுதிய அக்குறிப்புகள், அவரை வெறும் சமயப் பணியாளராக மட்டும் காண இயலாது என்பதை உணர்த்துகின்றன. தமிழர் ஒருவரின் இனவரைவியல் எழுத்தாகவே அதனைப் படித்தல் தகும். 1909 இல் அவர் காலமானார்.

அவர் பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் ஹா செவ் கா. அந்தமான் நிக்கோபார் அன்று இரங்கூன் மறைமாவட்டத்திற்கு உட்பட்டிருந்தமையால், சாலமோன் அவரை மேற்படிப்பிற்குப் பர்மாவிலுள்ள மாந்தலே பள்ளிக்கு அனுப்பினார். அவரே ஜான் ரிச்சர்ட்சன். 1912 இல் ஊர் திரும்பிய ரிச்சர்ட்சன் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணி தொடங்கினார். 1930களில் குருப்பட்டம் பெற்றார். 1950 இல் துணைப் பேராயராகவும், 1966 இல் அந்தமான் நிக்கோபார் மறைமாவட்டத்தின் பேராயராகவும் உயர்ந்தார். 1952 இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். இப்பதவிகளினும் மொழிக்கு அவர் ஆற்றிய பணியே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. கார் நிக்கோபார் மொழியை உரோமன் எழுத்தில் நிலைப்படுத்தி, விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் பாடல்களையும் அம்மொழியில் தந்தவர் அவர். புதிய ஏற்பாடு 1950 இல் நிறைவுற்றது.

வட்டமும் வரிசையும்

நிக்கோபாரியர் பாடத் தெரியாதவராய் இருந்து திருச்சபையால் பாடக் கற்றனர் என்பது பிழை. ஈமப் பெருவிருந்திற்கெனப் புதிய பாடல்கள் புனைந்து, அவற்றை நெடுநாள் முன்னரே கூடிப் பழகும் வழக்கத்தை ஈ. எச். மேன் பதிவுசெய்துள்ளார். ஒருவர் தோள்மேல் ஒருவர் கையிட்டு, வட்டமாக நின்று, மெல்ல அடிபெயர்த்துப் பாடியாடுவதே அவர்தம் ஆடல் முறை. பாட்டை எடுத்துக்கொடுப்பவர் ஒருவர். ஏற்றுப் பாடுவோர் ஊரார் அனைவரும். துஹெத் எனப்படும் பெருங்குடும்ப அமைப்பும், எல்பனம் எனப்படும் கடற்கரைப் பொதுவெளியும் இக்கூட்டிசைக்குக் களமாயின. ஆகவே பாடகர் குழு என்னும் அமைப்பு அங்கே புதிதன்று. வட்டம் வரிசையாயிற்று, எடுத்துக்கொடுப்பவர் குழுத் தலைவரானார், ஒரே குரலாய் ஒலித்தது பல குரலாய்ப் பிரிந்தது. மாற்றம் இவ்வளவே எனலாம்.

ஆலயத்துக் கூட்டிசையை ஆர்கனோடு சேர்த்து எண்ணுவது நகர்ப்புறத்தார் வழக்கம். சென்னை எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் 1883 இல் நிறுவப்பட்ட குழாய் ஆர்கனும், அங்கு அதனை இசைத்த ஹேண்டல் மானுவேல் போன்றோரின் குழுப்பணியும் அவ்வழக்கிற்குச் சான்று. தீவில் நிலை வேறு. அங்கே கருவி துணையாயினும் குரலே முதல். மிசோரத்திலும் சமயப் பணியாளர் சோல்பா முறையில் பலகுரல் இசையைக் கற்பித்தனர். மிசோ மக்கள் பின்னர்த் தம் முழவையும் மெட்டையும் ஆலயத்தினுள் கொண்டுவந்து அதனைத் தமதாக்கிக்கொண்டனர். நிக்கோபாரியர் மெட்டை மேலையதாகவே விட்டு, கூடிப் பாடும் முறையைத் தமதாக வைத்துக்கொண்டனர்.

சாலமோன் தமிழராயிருந்தும் கீர்த்தனை நெறி அங்கே ஏன் வேரூன்றவில்லை என்னும் ஐயத்திற்கு விடை இரண்டு. ஒன்று, பர்மா வழியே வந்த ஆங்கிலிக்கன் வழிபாட்டு முறை. மற்றொன்று மொழியியல் சார்ந்தது. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோபார் மொழிகளுள் நன்கவுரி மொழிச் சொல்லமைப்பை ஆர். இராதாகிருஷ்ணன் 1981 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சொல்லின் இறுதியிலுள்ள வேரசையே அங்கு அழுத்தம் பெறுகிறது. கார் நிக்கோபார் மொழிக்கும் இது பொருந்துமெனின், மென்மையில் தொடங்கி அழுத்தத்தில் முடியும் ஆங்கிலப் பாடல் மெட்டு அதற்கு இயல்பாகவே இசைந்திருத்தல் வேண்டும். தமிழோ குறில் நெடில் அளவால் இயங்குவது. மோனை எதுகையை எதிர்நோக்குவது. செருமானிய மெட்டிற்குள் தமிழை அடைக்க முற்பட்ட பாமாலை மொழிபெயர்ப்பாளர் பட்ட இடர்ப்பாட்டை அந்நூலின் எப்பக்கத்திலும் காணலாம். ரிச்சர்ட்சனுக்கு அவ்விடர்ப்பாடு குறைவு.

பெயரும் பாட்டும்

இவ்வரலாற்றில் தமிழாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இறந்தவர் பெயரை உச்சரியாமை நிக்கோபாரியரின் தொல்வழக்கு. ஒருவர் பெயர் வழக்குச் சொல்லாகவும் இருப்பின், அவர் இறந்தபின் அச்சொல்லையே கைவிட்டு வேறு சொல்லைக் கொள்வர். இதனால் மொழி தலைமுறைதோறும் மாறுவதையும், பழங்கதைகள் நிலைபெறாமற் போவதையும் நன்கவுரியில் பணியாற்றிய டி ரோப்ஸ்டார்ஃப் சுட்டினார். விழாதோறும் புதுப்பாட்டு புனையும் வழக்கமும் இம்மனநிலையோடு ஒத்துச்செல்வதே. அச்சிட்ட பாடல் நூல் இதற்கு நேர்மாறானது: அதன் சொல் மாறாது, ஆண்டுதோறும் அதே நாளில் அதே பாட்டு. நடுகல்லில் பெயர் பொறித்துப் பாடிய மரபில் வந்த தமிழர்க்கு இம்மாற்றத்தின் கடுமை எளிதில் புலப்படாது.

அக்கடுமையைப் போர் மிகுவித்தது. 1942 முதல் 1945 வரை தீவு சப்பானியர் கையில் இருந்தது. இறுதி ஆண்டில், ஒற்றர் என்னும் ஐயத்தின்பேரில் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். சிறைப்பட்ட ரிச்சர்ட்சனும் கொலைத்தண்டனைக்கு உரியவராய் வைக்கப்பட்டிருந்து, போர் முடிந்தமையால் உயிர் தப்பினார். போருக்குமுன் சிறுபான்மையினராய் இருந்த கிறித்தவர், போருக்குப்பின் சில ஆண்டுகளிலேயே தீவின் பெரும்பான்மையினராயினர். மதமாற்ற வரலாறாக மட்டும் இதனைக் கூறுதல் போதாது. பெயர் சொல்ல இயலாத இத்தனை இறப்புகளைச் சுமந்த மக்கள், பெயர் சொல்லாமலே கூடித் துயர் பாட ஓர் இடம் கண்டனர். ஊர்தோறும் பாடகர் குழு வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். ஊழியரைவிடத் துயரே அக்குழுக்களை ஒன்றுகூட்டியது என்று கருத இடமுண்டு.

ரிச்சர்ட்சன் 1978 சூன் 3 இல் காலமானார். 1965 இல் பத்மஸ்ரீ விருதும், 1975 இல் பத்மபூஷண் விருதும் பெற்றிருந்தார். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தபோது, தீவினர் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாளில் இருந்தனர், அன்று ஞாயிற்றுக்கிழமை. எஞ்சியோர் கரையை விட்டுத் தீவின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். எல்பனங்கள் கடலோரத்தில் வெறுமையாயின. தீவின் அரசு மருத்துவமனை பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் பெயரால் வழங்குகிறது. இறந்தார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத மக்களின் வழித்தோன்றல்கள், மருந்து வாங்கச் செல்லுந்தோறும் அப்பெயரைச் சொல்லியே செல்கின்றனர்.