காங்கேசன்துறைச் சீமெந்தும் குடாநாட்டு நீரும்

ஒரு தொழிற்சாலை தான் அமைந்த ஊருக்கு ஆற்றும் பணியை எவ்வாறு அளவிடுவது? வேலையும் சம்பளமும் மாத்திரமே அளவுகோலாகுமா? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

சுதந்திரத்தின் பின் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில், 1950ஆம் ஆண்டில், இத்தொழிற்சாலை தோன்றிற்று. சுண்ணாம்புக்கல் அயலிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. கமத்தையும் கடற்றொழிலையும் அரசாங்க உத்தியோகத்தையுமே பெரிதும் நம்பியிருந்த வடபுலத்தில், மாதச் சம்பளம் தரும் பெருங்கைத்தொழில் ஒன்று எழுந்தமை சிறிய மாற்றமன்று. அச்சம்பளத்தால் தொழிலாளர் குடும்பங்கள் மட்டுமன்றி அயற்கடைகளும் வாழ்ந்தன.

ஆயினும், கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. வற்றாத ஆறு எதுவுமில்லாத குடாநாட்டில், மழைநீரை உள்வாங்கித் தேக்கிக் கிணறுகளுக்கு வழங்குவதும் அதே சுண்ணாம்புக்கல்லே. அதனை ஆழ அகழுமிடத்து நன்னீர் தங்கும் இடம் குறைகின்றது. கரையோரத்தில் உவர்நீர் உட்புகும் அபாயமும் பெருகுகின்றது. ஆலைக்கு மூலப்பொருளாயிருந்தது ஊருக்கு நீர்க்களஞ்சியமாயிருந்தது.

1990இல் போரின் காரணமாக ஆலை மூடப்பட்டது. அயலூர் மக்களும் இடம்பெயர்ந்தனர். சம்பளம் நின்றது, அகழ்ந்த குழிகளோ எஞ்சின.

ஆதலின், அங்கு மீண்டும் ஆலை அமைப்பது பற்றிப் பேசுவோர் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதோடு, எத்தனை கிணறுகள் காக்கப்படும் என்பதையும் கூறுதல் வேண்டும். கல்லைத் தந்த ஊருக்கு அதன் நீரைக் காத்துக் கொடுப்பதே ஆலையின் முதற்கடமையாகும்.